கயிறும் தவக்குலும்

 



2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தை வன்னியில் மாடு வளர்ப்போர் இலகுவில் மறக்கமாட்டார்கள். மாண்டஸ் புயல் நம் கரையில் ஏறவில்லை. 9ஆம் திகதி இரவு தமிழகத்தின் மாமல்லபுரத்தை அண்டியே கரை கடந்தது. ஆயினும் அதனோடு வந்த மழையும் கடுங்குளிர் காற்றும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைப் பலிகொண்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பட்டி பட்டியாக மாடுகள் விழுந்து கிடந்தன. அது காலபோக காலம். வயல்களில் பயிர் நின்றமையால் மாடுகள் காட்டோரங்களுக்கும் வெட்டவெளிகளுக்கும் சாய்க்கப்பட்டிருந்தன. நனைந்த உடம்போடு இரவு முழுவதும் காற்றில் நின்ற பிராணி எத்தனை நேரம் தாங்கும்? தானாகச் செத்ததை உண்பதற்கோ விற்பதற்கோ நமது மார்க்கத்தில் அனுமதியில்லை. குழி தோண்டிப் புதைப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

அந்நாட்களில் ஜும்ஆவுக்குப் பின்னர் ஒரு வாப்பாவும் மகனும் என்னிடம் வந்தார்கள். அவர்களது ஏழு மாடுகள் இறந்திருந்தன. “எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் ஹஸரத். கொட்டில் போட்டிருந்தாலும் போகிறது போகத்தான் செய்யும்” என்றார் வாப்பா. மகனோ, “மிச்சத்தை விற்றுவிட்டு நான் கட்டாருக்குப் போகிறேன். வாப்பாவின் தவக்குல்தான் மாடுகளைக் கொன்றது” என்றான். நான் அவசரப்பட்டு, ஸப்ர் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் போதாது என்பதை வீடு திரும்பும் வழியிலேயே உணர்ந்தேன். ஏனெனில் மகன் தவக்குல் என்று எதைக் குற்றஞ்சாட்டினானோ, அது தவக்குலே அல்ல.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வினவினார். முதலில் கட்டும்படியும் பின்னர் தவக்குல் வைக்கும்படியும் அன்னார் பணித்ததாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. இந்த ஹதீஸை நாம் மத்ரஸாவில் மனனம் செய்தோம்; பட்டிக்கு அதனைக் கொண்டுபோக மறந்துவிட்டோம்.

உமர் (ரழி) அவர்களின் சம்பவம் இதனை இன்னும் தெளிவாக்குகின்றது. ஷாம் தேசத்தை நோக்கிப் பயணித்த கலீபா அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் அறிந்து திரும்ப முடிவுசெய்தார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து மற்றொரு கத்ருக்கே செல்வதாகக் கூறிய உமர் (ரழி) அவர்கள், ஒட்டகத்தையே உதாரணமாக எடுத்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் செழிப்பு, மறுபக்கம் வறட்சி. எந்தப் பக்கத்தில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் கத்ரே அல்லவா? கலீபாவானவர் ஓர் இடையரின் அறிவைக் கொண்டு அகீதாவை விளக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். வாப்பாமார்களே, கொட்டிலின் கூரையும் கத்ர்தான், வெட்டவெளியும் கத்ர்தான்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அன்று கொட்டிலில் நின்ற மாடுகளிலும் சில இறந்தன. கட்டியவுடன் கயிற்றின் மீது நம்பிக்கை வைத்தவன், கயிறு அறுந்ததும் உடைந்துபோகிறான். காலையில் வெறும் வயிற்றோடு சென்று மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையை நபி (ஸல்) அவர்கள் உவமித்தார்கள். நம் குளக்கட்டில் நிற்கும் கொக்கைப் பாருங்கள். அது கூட்டில் இருந்து உணவுக்குக் காத்திருப்பதில்லை. நாளைக்கென்று ஒரு மீனைச் சேமித்து வைப்பதுமில்லை. பூமியில் ஊரும் எந்தவோர் உயிரினத்தின் ரிஸ்க்கும் அல்லாஹ்வின் பொறுப்பே என ஸூரா ஹூதின் 6ஆவது வசனம் அறிவிக்கின்றது.

கட்ட முடியாத நாளும் வரும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முல்லைத்தீவு மக்களும் வளர்த்த மாடுகளை விட்டே புத்தளம் முதலான இடங்களுக்குச் சென்றார்கள். கட்டியபடி விட்டால் தாகத்தில் செத்துவிடும் என்று, அழுதுகொண்டே கயிறுகளை அவிழ்த்துவிட்டதாக முதியவர் ஒருவர் என்னிடம் கூறினார். பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடாமல் இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த ஹதீஸ் அன்று அவரது நினைவுக்கு வந்ததாம். அன்று கயிற்றை அவிழ்த்ததே அவரது தவக்குல். யுத்தம் 2009இல் முடிந்தபின் ஊர் திரும்பிய அவர், இரண்டு நாகுகளோடு மீண்டும் பட்டியைத் தொடங்கினார்.

அந்த வாப்பாவையும் மகனையும் பின்னர் அவர்களது வீட்டிலேயே சந்தித்து இவற்றையெல்லாம் பேசினேன். மகன் உடனே இணங்கவில்லை. அடுத்த மாரிக்கு முன் அவ்வழியால் சென்றபோது, வாடைக் காற்று வரும் பக்கத்தை அடைத்து இருவரும் கொட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாப்பா கீழே நின்று கிடுகு எடுத்துக் கொடுக்க, மகன் கூரையில் இருந்து கட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கட்டுக்கும் பிஸ்மில்லாஹ் சொல்லும்படி வாப்பா கீழேயிருந்து ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்.