குருமார் ஆவது பிறப்பாலா, படிப்பாலா?

(திருப்பூரில் பனியன் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது)



மதங்களை நடத்துகிற குருமார்கள் எப்படித் தயாரிக்கப்படுகிறார்கள் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும்.

இவ்வூர்ப் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேண்டுமென்றால் முதலாளி என்ன செய்கிறார்? துணியைக் கொடுத்து வெட்டிக் காட்டச் சொல்லுகிறார். ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறவன் எந்த வயிற்றில் பிறந்தான் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் கப்பலுக்குச் சரக்குப் போய்ச் சேராது. அப்படியிருக்க, மணியடித்து, தண்ணீர் ஊற்றி, கற்பூரம் காட்டுகிற வேலைக்கு மாத்திரம் வேலை தெரிந்தவன் உதவமாட்டான், இன்ன தகப்பனுக்குப் பிறந்தவன்தான் வேண்டும் என்பது என்ன நியாயம்?

மற்ற மதக்காரர்களைப் பாருங்கள். கத்தோலிக்கப் பாதிரியாராக வேண்டியவர் குருமடத்தில் சேர்ந்து தத்துவம், இறையியல் என்று பல வருஷம் படித்தாக வேண்டும். புராட்டஸ்டண்டு சபையார் மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரி வைத்து நடத்துகிறார்கள். முஸ்லிம் பிள்ளைகள் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவில் அரபியும் ஹதீஸும் சட்டமும் படித்து 'பாகவி' என்று பட்டம் வாங்குகிறார்கள். தகப்பன் தொழுகை நடத்தினவனா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இதனால் அம்மதங்களெல்லாம் யோக்கியமானவை என்று நாம் நற்சாட்சிப் பத்திரம் கொடுத்ததாக யாரும் எண்ண வேண்டாம். பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுக்கச் சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994-இல் போப்பாண்டவர் எழுதிக் கதவைச் சாத்தினார். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து ஒருவர் கர்தினால் ஆவதற்கு இந்தியாவில் 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜாதியை மறுத்த புத்தர் மதந்தான் என்ன ஆயிற்று? இலங்கையில் சியாம் நிகாயத்தார் கொவிகம ஜாதிக்கு மாத்திரமே துறவுப்பட்டம் என்று வைத்துக்கொண்டதால், மற்ற ஜாதியார் கப்பலேறிப் பர்மாவுக்குப் போய்ப் பட்டம் வாங்கிவந்து அமரபுர நிகாயம் கண்டார்கள். ஜாதி என்பது அப்பேர்ப்பட்ட விஷம்.

ஆனால் அங்கெல்லாம் அது அவர்கள் மதத்துக்கு விரோதமாக நுழைந்த கள்ளத்தனம். நம் நாட்டிலோ ஆகமம், சாஸ்திரம் என்ற பேரால் அதையே சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்த இழிவு ஒழியக் கர்ப்பக்கிரகத்துக்குள் நுழையும் கிளர்ச்சி செய்வோம் என்று பெரியார் அறிவித்தார். அதன்மேல் 1970-இல் கலைஞர் ஆட்சி சட்டத்தைத் திருத்திப் பரம்பரை அர்ச்சகர் பாத்தியதையை எடுத்தது. வழக்குப் போனார்கள். 1972-இல் சுப்ரீம் கோர்ட்டார், பரம்பரை உரிமையை எடுத்தது செல்லும் என்றார்கள். கூடவே, ஆகமப்படி தொடத் தகாதவர் விக்கிரகத்தைத் தொட்டால் தீட்டு என்ற ஏற்பாட்டை மீறக்கூடாது என்றும் சொன்னார்கள். வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கிக்கொண்ட கதைதான்! பெரியார் 1973-இல் இந்தக் குறையோடேயே மறைந்தார்.

பிறகு 2006-இல் உத்தரவு போட்டு, மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை, ஸ்ரீரங்கம், திருவல்லிக்கேணி ஆகிய ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளி வைத்தார்கள். 200-க்கு மேற்பட்ட பிள்ளைகள் மந்திரம், பூசை முறை எல்லாம் கற்றுத் தேறினார்கள். தேறி என்ன? முதல் ஆளுக்கு வேலை கிடைத்தது 2018-இல்! 2021 ஆகஸ்டு 14-இல்தான் 24 பேருக்குச் சேர்ந்தாற்போல் உத்தரவு கொடுத்தார்கள். இடையில் போன வருஷங்களில் அப்பிள்ளைகள் எந்தக் கடையில் கணக்கெழுதினார்களோ, எந்த மெஷின் மிதித்தார்களோ! பரீட்சையில் தேறிய பின் பிறப்பைக் காட்டி வெளியே நிறுத்துவதற்குப் பரீட்சை எதற்கு? கேரளத்தில் 2017-இலேயே திருவிதாங்கூர் தேவசம் போர்டார் தாழ்த்தப்பட்டவர் ஆறு பேர் உட்படப் பிராமணரல்லாதார் 36 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கடவுள்கள் யாரும் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனதாகச் செய்தி இல்லை.

அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? நம் கொங்கு நாட்டு மாரியம்மனுக்குப் பண்டாரம் பூசை செய்கிறார். அம்மன் தீட்டுப்பட்டுப் போனாளா? பக்கத்தில் அவிநாசியில் இருக்கிற சிவனுக்கு மட்டும் ஆகாதாம்! அந்தச் சிவனே வேடர் கண்ணப்பர் வாயில் கொண்டுவந்து கொப்புளித்த தண்ணீரையும் கடித்துப் பார்த்த இறைச்சியையும் ஏற்றுக்கொண்டார் என்று புராணம் படிக்கிறார்கள். கண்ணப்பரையும் அறுபத்து மூவரோடு நிறுத்திக் கும்பிடுகிறார்கள். கண்ணப்பர் இன்று நேரில் வந்தால் எங்கே நிறுத்துவார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதே அவிநாசி வட்டாரத்தில் 2018-இல் ஒரு சர்க்கார் பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்மணி சோறு சமைக்கக் கூடாதென்று ரகளை நடந்ததே! சோற்றைத் தொட்டால் தீட்டு என்கிற புத்தி, கல்லைத் தொட்டால் தீட்டு என்று கற்றுக்கொடுத்த இடத்திலிருந்தல்லவா வந்தது?

நிற்க. ஒரு தோழர், "கடவுள் இல்லை என்கிற உங்களுக்கு அர்ச்சகர் வேலை எதற்கு?" என்று சீட்டு அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. நாம் யாரையும் போய்க் கும்பிடச் சொல்லவில்லை. உள்ளே இருப்பது கல் என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் அக்கோயில் சர்க்கார் இலாகாவின் நிர்வாகத்தில் இருக்கிறது. கட்டியவன் நம் கொத்தன், உண்டியலில் போடுகிறவன் மெஷின் மிதித்துச் சம்பாதித்தவன். அவன் மகன் வாசற்படியோடு நிற்கவேண்டும் என்பது அவனைப் பிறவியில் இழிந்தவன் என்று விளம்பரப் பலகை தொங்கவிட்டதற்குச் சமானம். அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லுகிறோம்.

தாய்மார்கள் பக்கமிருந்து, "பெண்களுக்கு?" என்று ஒரு சீட்டு. ஸ்ரீரங்கத்தில் 2023-இல் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். பரம்பரை போனாலும் பெண் தீட்டுத்தான் என்று சொல்ல நம் ஆண்களிலேயே, இந்தக் கூட்டத்திலேயேகூட, ஆள் இருப்பார்கள். அவர்கள் முதலில் தங்கள் வீட்டு அடுப்பங்கரையில் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

அடுத்துப் பேசவேண்டிய தோழர்கள் இருப்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறோம்.