பார்த்தும் அறியாத பார்வை



எழுவாய் ஆண்பாலாக இருந்தால் வினைமுற்றும் ஆண்பால் விகுதி பெறவேண்டும் என்று வகுப்பிலே படிப்பிக்கிறோம். 'அவன் வந்தாள்' என்று எழுதிவிட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். திரைப்படத்துக்கும் இப்படியோர் இயைபு உண்டு. கல்முனைப் பிரதான வீதியோரம் இருவர் எதிரெதிராக நின்று கதைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரையும் இணைத்து மனதிலே ஒரு கோடு இழுங்கள். கமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நின்று மாறிமாறிப் படம் பிடித்தால், ஒருவர் வலப்புறம் பார்ப்பார். மற்றவர் இடப்புறம் பார்ப்பார். வெட்டி ஒட்டும்போது பார்வைகள் சந்திக்கும். கோட்டைத் தாண்டினாலோ இருவரும் ஒரே திசையை நோக்குவார்கள். யார் யாரோடு பேசுகிறார் என்பதே குழம்பிவிடும். காலையில் எடுத்த ஷொட்டில் கன்னத்தில் இருந்த சேறு, மாலையில் எடுத்த ஷொட்டிலும் அதே கன்னத்தில் இருக்கவேண்டும். இதைத்தான் 'தொடர்ச்சி' என்கிறார்கள்.

இதற்கு உதாரணம் தேடி ஹொலிவூட் போகவேண்டியதில்லை. பாலு மகேந்திரா 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர், நமக்கு அயலூர்க்காரர். சிறுவனாகக் கித்துல்கலவுக்குச் சுற்றுலா போனபோது டேவிட் லீனின் 'குவாய் நதிப் பாலம்' படப்பிடிப்பைக் கண்டதையும், அங்கே ஒருவர் 'மழை' என்று கூவ மழை பெய்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு பூனாவிலே ஒளிப்பதிவு கற்றார். 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யை எழுதி, நெறிப்படுத்தி, ஒளிப்பதிவும் செய்தார். அந்த ஒளிப்பதிவுக்கும் கமல்ஹாசனின் நடிப்புக்கும் இந்திய தேசிய விருதுகள் கிடைத்தன.

அதன் இறுதிக் காட்சி நீலகிரியின் சிறியதொரு புகையிரத நிலையத்தில் நிகழ்கிறது. விபத்தினால் மனம் குழந்தையாகிப்போன விஜியைச் சீனு தாய்போல் பராமரித்தான். அவள் குணமடைந்ததும் இடைப்பட்ட நாட்களெல்லாம் அவள் நினைவிலிருந்து அழிந்துவிடுகின்றன. அவள் பெட்டிக்குள்ளே; அவன் மேடையிலே, காயமும் சேறுமாய். தலையில் பாத்திரத்தை வைத்துக் குரங்கு வித்தை காட்டுகிறான். அவளைச் சிரிக்கவைத்த பழைய வித்தை. கமரா சன்னலைக் காட்டுகிறது, பிறகு மேடையை, திரும்பவும் சன்னலை. அவள் கண்ணிலே அவன் சாப்பாட்டுக்குக் கெஞ்சும் ஒரு பைத்தியக்காரன்.

காதற் காட்சிகளில் இரண்டு உள்ளங்களைக் கட்டிப்போடும் அதே முறைதான் இது. ஒரு முகம், அடுத்து அது பார்க்கும் முகம். இங்கே அவள் அவனைப் பார்க்கவில்லை என்று சொல்ல நமக்கு வழியே இல்லை. நேரே பார்க்கிறாள். பார்வைகள் தப்பியிருந்தால் 'ஐயோ, காணாமல் போய்விட்டாளே' என்று மனதை ஆற்றிக்கொள்ளலாம். தொகுப்பு அந்த ஆறுதலைத் தரமறுக்கிறது. அழுகைக்கு வசனமும் இசையும் காரணம் என்பார்கள் சிலர். பாதிதான் சரி.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் அயல்வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்து இந்தப் படம் போட்டார்கள். அந்த வீட்டு உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "ஏன் மகன், அவள் இவனப் பாக்கத்தானே செய்றாள்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு மறுமொழி தெரியவில்லை. கசெட்டைப் பின்னுக்கு ஓட்டச் சொல்லி, அந்தச் சன்னலை இன்னொருமுறை பார்த்தார்.