விபரக்கொத்தில் இல்லாத பெயர்கள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டாக்டர் என்றால் நீரிழிவைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது தொலைபேசி விபரக்கொத்தைப் பற்றி.

நம் பாடசாலை அலுவலகத்தில் இருந்த அந்தத் தடித்த புத்தகம் நினைவிருக்கிறதா? பழசானதும் அது தாவரவியல் வகுப்புக்கு வரும். இலைகளை அதற்குள் வைத்துத்தான் பாடம் செய்தோம். மிச்சத் தாள்கள் கடலைச் சுருளாகும்.

உலகின் முதல் விபரக்கொத்து 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளிவந்தது. ஒரே ஒரு தாள். அதில் இலக்கங்களே இல்லை, ஏறத்தாழ 50 பெயர்கள் மட்டும். பெயரைச் சொன்னால் இணைப்பு கிடைத்தது.

எங்கள் தோட்டத்துக்கு நம் நாட்டு விபரக்கொத்தில் இருந்தது இரண்டே வரி: துரை பங்களா, ஆபீஸ். லயத்துக் காம்பிராக்களுக்குத் தனி முகவரி ஏது? கடிதங்களும் ஆபீசுக்குத்தான் வந்தன. செக்ரோலில் பெயர் இருந்த எங்கள் அம்மாமாருக்கு விபரக்கொத்தில் பெயர் இல்லை.

அதனால் என்ன என்று ஒரு காலத்தில் நினைத்தேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமற்போனோர் நூற்றுக்கணக்கானோர் என்று முதலில் சொன்னார்கள். பிறகு அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அந்த நேரத்தில் யார் வீட்டில் இருந்தார், யார் வேலைக்குப் போனார், யார் கொழும்பில் இருந்தார் என்று உடனே திட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஒரு பட்டியலின் அருமை எனக்கு அன்றுதான் புரிந்தது.

அதன் பிறகு ஓர் இரவு, நினைவிழந்த ஒரு பாட்டியைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்தார்கள். கூட வந்த பேரனின் போனில் சார்ஜ் இல்லை. அம்மாவின் இலக்கம் அவனுக்கு மனப்பாடமும் இல்லை. பாட்டியின் வெற்றிலைப் பையைத் தேடியபோது, மடித்த கொப்பித் தாள் ஒன்று கிடைத்தது. பிள்ளைக் கையெழுத்தில் நான்கு பெயர்கள், நான்கு இலக்கங்கள். மூன்றாவது இலக்கத்தில் மகள் பேசினார். இரத்தம் உறையாமலிருக்க அம்மா குளிசை குடிக்கிறார் என்று அவர் சொன்ன பிறகுதான் எங்கள் சிகிச்சை சரியான வழிக்குத் திரும்பியது. பாட்டி பிழைத்தார். அந்தத் தாளை எழுதியவள் ஏழாம் வகுப்பில் படிக்கும் பேத்தி.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். இன்றிரவே ஐந்து இலக்கங்களைத் தாளில் எழுதி, வயதானவர்களின் பையில் வையுங்கள். அதன் அடியில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம் என்றும் எழுதுங்கள். அவர்கள் குடிக்கும் மருந்தின் பெயரும் இருக்கட்டும்.

அடுத்து, வாசலில் உள்ள நம் சங்கப் பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். லயத்தில் இருக்கும் தோழியின் பெயரையும் அவளைக் கேட்டு எழுதுங்கள். இந்தப் புத்தகத்திலாவது நம்மில் ஒருத்தியும் விடுபடக் கூடாது.