புது வீட்டில் புகைக்கும் மூட்டைக்கும் இடம்



காப்பி, மிளகு, ஆரஞ்சு என்று வழக்கமாகப் பயிரைப் பற்றிப் பேசுகிற நான், இன்றைக்கு வீடு கட்டுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விவசாய ஆபீசருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்குதுங்க. வருஷம் முழுக்கத் தோட்டத்தில் பாடுபட்டு எடுத்த காப்பிக்கொட்டை, வீட்டுக்குள் ஆறு வாரம் கிடந்து வாசனை கெட்டுப்போகிறது. பெரும்பாலும் குறை கொட்டையில் இல்லை, வீட்டு அமைப்பில்தான் இருக்கிறது.

நம் சேர்வராயன் மலையில் தாத்தா காலத்து வீடு எப்படி இருந்தது? மூங்கில் தட்டி, அதன்மேல் மண் பூச்சு, முன்னால் திண்ணை, மேலே புல் கூரை, உள்ளே பரண். அடுப்புப் புகை பரணைத் தொட்டுக்கொண்டு மேலே போய், புல்லின் இடுக்கு வழியாக வெளியேறிவிடும். போகிற வழியில், பரணில் இருக்கிற ராகியிலும் சாமையிலும் வண்டு அண்டாமல் செய்துவிட்டுப் போகும். கூரை மூங்கிலும் சீக்கிரம் உளுத்துப்போகாது. ஒரே கூரை இத்தனை வேலை செய்தது. அந்த வீட்டைக் கட்டினவர் எந்தக் காலேஜிலும் படித்தவர் இல்லீங்க!

இப்போது வேய்வதற்குப் புல்லும் கிடைப்பதில்லை, வேய்கிற ஆளும் கிடைப்பதில்லை. நெருப்புப் பயம் வேறு. ஆகவே காங்கிரீட் தளமோ தகரமோ போடுகிறோம். அது சரிதான். பழைய வீட்டுக்கே திரும்புங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கூரையை மாற்றிவிட்டு உள் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன ஆகிறது? புகைக்குப் போக வழியில்லை. தளத்தில் மோதித் திரும்பி, அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிற அம்மாவின் கண்ணிலும் நெஞ்சிலும் இறங்குகிறது. பரண் இல்லாததால் தானிய மூட்டையும் காப்பி மூட்டையும் கூடத்து மூலையில், சுவரோடு ஒட்டித் தரையில் கிடக்கின்றன. தகரமாக இருந்தால், மார்கழிப் பனியில் விடிகாலையில் உள்பக்கம் வேர்த்து மூட்டைமேலேயே சொட்டுகிறது.

காப்பிக்கொட்டைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். புகை, மண்ணெண்ணெய், உரம், பூச்சிமருந்து எல்லாம் ஏறும். ஈரத்தையும் இழுக்கும். களத்தில் காயவைத்துப் பத்துப் பதினோரு சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்த சரக்கு, ஈரச் சுவரோரம் கிடந்தால் மறுபடியும் ஈரமேறிப் பூசணம் பிடிக்கும். வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்தே விலையைக் குறைத்துவிடுவார்.

ஆகவே காங்கிரீட் தளம் போடுகிறவர், பழைய கூரை செய்துகொண்டிருந்த வேலைகளுக்குத் தனித்தனியாக இடம் ஒதுக்க வேண்டும். பெரிய வீடு வேண்டாம், சின்ன வீட்டிலேயே இது முடியும். 2024-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் அளவையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. இந்த 60 சதுர அடியைத்தான் நான் சமையலுக்குக் கேட்கிறேன். பத்தடிக்கு ஆறடி. ஓடு வேய்ந்து, அடுப்புக்கு நேர்மேலே புகைபோக்கி வையுங்கள். அது கூரை முகட்டைவிட இரண்டடி உயரமாக நிற்க வேண்டும். தாழ்ந்திருந்தால் காற்று புகையைத் திருப்பி உள்ளேயே தள்ளும். கேஸ் அடுப்பு இருக்கிறதே என்பீர்கள். குளிக்கிற வெந்நீருக்கும் மாட்டுத் தண்ணீருக்கும் இன்னும் விறகுதானே எரிக்கிறோம்?

மீதி 300 சதுர அடியை, வெளிச்சுவர் அளவாக 25 அடி நீளம், 12 அடி அகலம் என்று வையுங்கள். ஒன்பது அங்குல வெளிச்சுவரும் இரண்டு நாலரை அங்குலத் தடுப்பும் போக, சமையலறையை ஒட்டிப் பத்தடியில் கூடம், அடுத்து எட்டடியில் படுக்கை அறை, கடைசியில் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாகச் சரக்கு அறை. மூன்றுக்கும் உள் அகலம் பத்தரை அடி. அடுப்பு ஒரு கோடியில், மூட்டை மறு கோடியில், நடுவில் மூன்று சுவர். சரக்கு அறைக்கு வாசல் களத்தைப் பார்த்து வெளிப்பக்கம் இருக்கட்டும். காயவைத்ததை வீட்டுக்குள் சுற்றிக்கொண்டு போகவேண்டியதில்லை. படுக்கை அறைச் சுவரை ஒட்டி இருப்பதால், ராத்திரி யாராவது கதவைத் தொட்டால் சத்தமும் கேட்கும்! தரையில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கினால், நடக்க இடம் விட்டும் இருபது மூட்டை வரை கொள்ளும். உரமும் மருந்தும் இந்த அறைக்கு வரவே கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல், வெளியே பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள்.

கூடம் சின்னதாகப் போச்சே என்று சிலருக்கு வருத்தம் வரும். சேலத்தில் சொந்தக்காரர் கட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, பாதி வீட்டைக் கூடமாக விடச் சொல்கிறார்கள். அவர் அரிசியைக் கடையில் வாங்குகிறவர். அவருக்கு மூட்டை அடுக்குகிற கவலை இல்லை. நமக்கு விருந்தாளி வருவது வருஷத்தில் நாலு நாள், மூட்டை இருப்பது நாலு மாதம்.

இனி, வீட்டை மனையில் எப்படி உட்காரவைப்பது? காப்பிச் செடியைச் சரிவுக்குக் குறுக்காக, சம உயரத்தில்தானே நடுகிறோம்? வீட்டின் நீளப் பக்கத்தையும் அப்படியே வையுங்கள். இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, பிறகு கேரளத்தில் குறைந்த செலவு வீடுகளுக்குப் பேர்போன லாரி பேக்கர் (1917–2007) சொல்லிவந்ததும் இதுதான். மண் வெட்டுவது குறையும். வெட்டியே ஆகவேண்டும் என்றால், வெட்டி எடுத்த கெட்டித் தரையில் சுவர் எழுப்புங்கள். வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, அதன்மேல் கட்டிய சுவர் இரண்டு மழையில் இறங்கி வெடிக்கும்.

மழையைச் சாதாரணமாக நினைக்காதீங்க. ஏற்காட்டில் வருஷத்துக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை. 300 சதுர அடித் தளத்தில் மட்டும் நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதைக் குழாய் வைத்துத் தொட்டியில் பிடித்தால் கோடையில் குடத்தோடு ஊற்றுக்கு நடப்பது குறையும். விட்டுவிட்டால் அஸ்திவாரத்தை அரிக்கும். மேட்டுப் பக்கத்துத் தண்ணீருக்கு, வீட்டுக்கு மேலே கல் பாவிய வாய்க்கால் வெட்டிப் பக்கவாட்டில் ஓடைக்குத் திருப்புங்கள், பக்கத்துக்காரர் தோட்டத்துக்குள் வேண்டாம். பின்சுவரை மண்மேட்டோடு ஒட்டவைக்காமல், ஆள் நடந்துபோகிற அளவாவது இடைவெளி விடுங்கள். ஒட்டிக் கட்டினால் சுவர் ஈரம் காயவே காயாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. அதே மழையில் திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின்மேல் மண்ணும் பாறையும் விழுந்து ஏழு பேர் இறந்துபோனார்கள். வறண்டு கிடக்கிறதே என்று ஓடைத் தடத்திலும், செங்குத்தாக வெட்டிய மேட்டின் அடியிலும் மனை போடாதீர்கள்.

மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் சமையலறையை எந்தக் கோடியில் வைப்பது என்று முடிவு செய்யும்முன், நாலு நாள் காலையிலும் மாலையிலும் பழைய வீட்டுப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். புகை சாய்கிற கோடியில் அடுப்பு, எதிர்க்கோடியில் சரக்கு. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், களம் தெற்கிலோ கிழக்கிலோ, மர நிழல் விழாத இடத்தில் இருக்கட்டும்.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி நல்லது. ஒன்று நிறைந்ததும் அடைத்துவிட்டு மற்றதைத் திறந்தால், இரண்டு வருஷத்தில் முதல் குழி மக்கி எருவாகிவிடும். குழி, தண்ணீர் எடுக்கிற ஊற்றுக்கும் கிணற்றுக்கும் கீழ்ச்சரிவில், எட்டத்தில் இருக்க வேண்டும். மாட்டுக் கொட்டகையும் அப்படித்தான்.

நம் ஊர்களுக்கு மலைப் பகுதிப் பாதுகாப்பு விதிகள் உண்டு. மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் ஊராட்சியிலும் ஒன்றிய அலுவலகத்திலும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. காகிதத்தில் வரைந்ததை நம்பாமல், மனையிலேயே முளை அடித்துக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போடுங்கள். கட்டிலைக் கொண்டுவந்து உள்ளே போடுங்கள். நாலு மூட்டையை இறக்குங்கள். வீட்டு அம்மா தலையில் விறகுக்கட்டோடு வாசல் வழியாக நுழைந்து அடுப்புவரை திரும்பிப் பார்க்கட்டும். பாட்டி ராத்திரி கழிப்பறைக்குப் போகிற வழியை நடந்து பார்க்கட்டும். இடிக்கிற இடத்தில் கயிற்றை நகர்த்துவதற்குக் காசு இல்லை. அவர்கள் சரி என்று சொன்ன பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.