முதல் வீட்டுக்குக் கைப்பணம்

(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பல வருஷம் இருந்தவன் என்பதால் செயலாளர் இந்தத் தலைப்பை என்னிடம் தள்ளிவிட்டார்.

உத்தியோகத்துக்காக ஊர் ஊராய்ப் போன நம் பிள்ளைகளுக்கு மாதத் தவணை கட்டச் சம்பளம் இருக்கிறது. முதலில் கட்ட வேண்டிய மொத்தத் தொகைதான் இல்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கிடைக்கும். 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75தான். 40 லட்சத்து ஃபிளாட்டுக்கு 8 லட்சம் நம் கையிலிருந்து வர வேண்டும். பத்திரச் செலவு இந்த மதிப்பில் சேராது. (10 லட்சத்துக்கு உட்பட்ட வீட்டுக்கு மட்டும் சேர்க்கலாம், அந்த விலைக்கு வீடு எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள்!) முத்திரைத் தீர்வை 6 சதவீதம் என்றாலே 2,40,000 ரூபாய். ஆக, 10 லட்சத்துக்கு மேல் வேண்டும்.

சர்க்கார் உதவி உண்டா? 2024 செப்டம்பர் 1 முதல் அமலான பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0-இல் வட்டி மானியம் உண்டு. குடும்ப வருமானம் 9 லட்சம், வீட்டு மதிப்பு 35 லட்சம், கடன் 25 லட்சம் ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. அதிகபட்சம் 1,80,000 ரூபாய், ஐந்து வருஷத் தவணைகளில். இது கடன் வாங்கிய பிறகு வருவது. அட்வான்ஸ் கொடுக்கும்போது இதைக் கணக்கில் கழித்துக் காட்டும் பில்டரை நம்ப வேண்டாம்.

கைப்பணத்துக்கு நிஜமாகக் கைகொடுப்பது பி.எஃப்.தான். வீட்டுக்கென்று எடுப்பதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு, பகுதித் தொகை எடுக்க 12 மாத சர்வீஸ் போதும், 25 சதவீதம் இருப்பில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கோ வீடு கட்டும் முன்பணம் இருக்கிறது. 34 மாத அடிப்படைச் சம்பளம், உச்சவரம்பு 25 லட்சம். வங்கிக்குப் போகுமுன் ஆபீஸில் கேளுங்கள்.

பர்சனல் லோன் வாங்கிக் கைப்பணம் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அந்தத் தவணையால் வீட்டுக்கடன் தொகையே குறைந்துவிடும்.

அடுத்தது, இங்கே பாதிப் பேர் கேட்க வந்த விஷயம்: அப்பாவின் ரிடையர்மெண்ட் பணம். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. வங்கி மூலமாகவே கொடுங்கள், ஒரு கடிதமும் எழுதி வையுங்கள். ஆனால் முழுவதையும் துடைத்துக் கொடுக்காதீர்கள். வைத்தியச் செலவுக்கும் மாதாந்திர வட்டி வருமானத்துக்கும் உள்ளது தொடக் கூடாத பணம். பெரிய தொகை போடுகிறீர்களென்றால் பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். மாட்டுப்பெண் என்ன நினைப்பாளோ என்ற கூச்சம் வேண்டாம். அவளையும் உட்கார வைத்தே பேசுங்கள்.

விற்பவர் "கொஞ்சம் ரொக்கமாக" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சொத்து பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி கூடாது. பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் கடனும் அந்த மதிப்புக்குத்தான். கைப்பணம் இன்னும் ஏறும்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பி.எஃப். விண்ணப்பம் பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காரலாம்.