நடையும் ஒரு மருந்தே
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஓட்டப் பந்தயத்தில் வென்ற பிள்ளைகளுக்குக் கைதட்டினோம். அவர்களுக்கு நான் தேகப்பயிற்சி பற்றிச் சொல்லத் தேவையில்லை. கைதட்டிய நமக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"என்ன வாத்தியாரே, விடியுமுன்னே பெரட்டுக்குப் போயி, மரம் மரமா நடந்து பால் வெட்டுறவனுக்கு இன்னும் என்ன பயிற்சி?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காண்டா வாளியில் பாலைச் சுமந்த நம் பாட்டன் பாட்டிமாருக்கு வேலையே பயிற்சியாக இருந்தது. ஆனால் இன்று நம் குடும்பங்களில் எத்தனை பேர் அப்படி உழைக்கிறோம்? தொழிற்சாலைக்கு பஸ், பக்கத்துக் கடைக்கு மோட்டார் சைக்கிள், வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சி, கைப்பேசி. உழைப்பு குறைந்துவிட்டது, தட்டில் சோறும் தே தாரிக்கில் சீனியும் குறையவில்லை.

இதன் பலனை 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர்! இங்கே ஒரு வரிசையில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால், அவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தால் என்ன நடக்கும்? நாம் உண்ணும் உணவு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை எடுத்து எரிக்கும் அடுப்பு நம் தசைகள்தாம். உட்கார்ந்தே இருந்தால் அடுப்பு மந்தமாக எரியும். சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். நடக்கும்போது தசைகள் அதை இழுத்துக்கொள்கின்றன. நடை நின்ற பிறகும் சில மணி நேரம் அந்த நன்மை இருக்கும்.

இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. இனிப்புநீர் வரும் நிலையில் இருந்தவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி, தினமும் நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. நடை எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. ஆனாலும் நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பினார்களே, அது சிறிய காரியமா?

நோய் வந்துவிட்டவர்களுக்கும் நடை உதவும். "சீக்காளி படுத்துக் கிடக்கணும்" என்பது தவறான எண்ணம். அதே சமயம், "நான்தான் நடக்கிறேனே" என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை சாப்பிட்டால் கிட்னி கெட்டுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். கட்டுப்படாத சர்க்கரைதான் கிட்னியைக் கெடுக்கிறது. காலையும் கண்ணையும்கூட அதுவே பறிக்கிறது. மருந்தும் நடையும் காண்டாவின் இரண்டு வாளிகள் மாதிரி. ஒன்றை இறக்கினால் மற்றது சாயும்.

சில எச்சரிக்கைகள்: முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். இனிப்புநீர்க்காரருக்குக் காலில் முள் குத்தினாலும் தெரியாமல் போகலாம். வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போடுங்கள். நெஞ்சு வலித்தால் நின்றுவிடுங்கள். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

எவ்வளவு நடக்க வேண்டும்? வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். காசு செலவில்லை. பள்ளித் திடல் இருக்கிறது, தோட்டத்துச் சாலை இருக்கிறது.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். நாளை மாலை அம்மா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கப் போங்கள். தாத்தா பாட்டியையும் விடாதீர்கள். பெற்றோர்களே, பிள்ளை கூப்பிட்டால் "களைப்பா இருக்கு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். இந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரிய மேடைகளில் பரிசு வாங்கும்போது, கைதட்ட நீங்கள் இருக்க வேண்டும்.