பிரபு உலோகமும் இரும்பும்



நாம் கல்லூரியில் ரசாயனம் படித்தவர்களல்ல. கைக்குக் கிடைத்த புஸ்தகங்களைப் படித்து நமக்கு விளங்கியதை மாத்திரம் சொல்லப் போகிறோம்.

தங்கம், பிளாட்டினம், ஆஸ்மியம், இரிடியம் முதலிய சில உலோகங்களுக்கு மேல்நாட்டார் வைத்திருக்கும் பெயர் “பிரபு உலோகங்கள்” என்பதாகும். ஏன் அந்தப் பெயர் என்றால், அவை பெரும்பாலும் காற்றோடும் தண்ணீரோடும் லேசில் சேராமல் ஒதுங்கி நிற்கின்றனவாம்! இரும்போ எல்லோரோடும் சேரும், துருப்பிடிக்கும், மலிவு. நம் நாட்டிலோ அதைச் சனிக்கு உரியது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரபுக்களில் பலருக்குத் தொழிற்சாலையில் ஓர் உத்தியோகம் உண்டு. அதற்கு வினையூக்கி என்று பெயர். கல்யாணத் தரகர் இரு வீட்டாரையும் சேர்த்து வைத்துவிட்டு, தாம் அந்தக் குடும்பத்தில் ஒருவராக ஆகாமல் அடுத்த வீட்டுக்குப் போகிறாரல்லவா? அதுபோல, இரண்டு பொருள்களைச் சேர வைத்துவிட்டுத் தான் செலவாகாமல் நிற்பதே வினையூக்கி.

நாம் சுவாசிக்கும் காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன். பயிருக்கு அது வேண்டும்; ஆனால் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளப் பயிரால் ஆகாது. அதனால் ஐரோப்பா, தென் அமெரிக்காவில் உள்ள சிலி தேசத்து வெடியுப்பைக் கப்பல் கப்பலாக வாங்கி வயலுக்குப் போட்டு வந்தது. அது தீர்ந்துபோனால் என் செய்வது என்ற கவலை அப்பொழுதே உண்டு. ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் என்பவர் 1909-ல் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கடும் அழுத்தத்திலும் உஷ்ணத்திலும் சேர்த்து அம்மோனியா எடுத்துக் காட்டினார். அவருக்குத் தரகு செய்தது ஆஸ்மியம். உலகில் அது கிடைப்பதே சொற்பம். போதாதற்கு, அதன் தூள் காற்றில் பட்டால் விஷ ஆவியாகும். பிரபுவின் யோக்கியதை இது!

பிஏஎஸ்எப் கம்பெனியில் கார்ல் போஷ் என்பவர் இதைத் தொழிலாக்கும் பொறுப்பை ஏற்றார். வேறு உலோகம் தேடும் வேலை ஆல்வின் மிட்டாஷ் என்பவரிடம் வந்தது. அவரும் உதவியாளர்களும் சின்னக் குழாய்களில் இரண்டு கிராம் வீதம் போட்டுச் சோதித்துக்கொண்டே போனார்கள். சுத்தமான இரும்பு சற்று வேலை செய்துவிட்டுச் சோர்ந்துவிட்டது. வேறு யாராயிருந்தாலும் “இரும்புக்கு இவ்வளவுதான்” என்று எழுதி மூடியிருப்பார்கள். அவர்கள் மூடவில்லை. ஸ்வீடன் தேசத்து கெல்லிவாரே சுரங்கத்தின் இரும்புத் தாது ஒன்று எதிர்பாராத விதமாக நன்றாக வேலை செய்தது. வேறு ஊர்த் தாதுக்கள் அப்படிச் செய்யவில்லை. அப்படியானால் விசேஷம் இரும்பில் மாத்திரம் இல்லை, அதில் கலந்திருக்கும் “அழுக்கில்” இருக்கிறது என்று யூகித்தார்கள். உடனே சுத்த இரும்பில் ஒவ்வொரு பொருளாகக் கலந்து பார்க்க ஆரம்பித்தார்கள். 1912 ஆரம்பத்திற்குள் சுமார் 2500 கலவைகள், 6500 சோதனைகள்! கந்தகமும் குளோரினும் எமன் என்பதும், அலுமினிய ஆக்சைடும் பொட்டாஷும் துணை என்பதும் இதில்தான் தெரிந்தன. அலுமினிய ஆக்சைடு இரும்புத் துகள்கள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் போகாமல் காக்கிறது. பொட்டாசியம் நைட்ரஜனின் இறுகிய பிணைப்பை இரும்பு உடைப்பதற்குக் கைகொடுக்கிறது.

1913 செப்டம்பரில் ஒப்பாவ் என்ற ஊரில் ஆலை ஓடத் தொடங்கியது. மறு வருஷமே யுத்தம் வந்தது. பயிருக்கென்று கண்ட அம்மோனியா வெடிமருந்துக்கும் போயிற்று. அது இரும்பின் குற்றமன்று. ஆனால் இன்று உலக மக்களில் சுமார் பாதிப் பேருக்கு வேண்டிய உணவு இந்த வழியில் வந்த உரத்தால் விளைகிறது என்று கணக்கிடுகிறார்கள். ஹேபருக்கு 1918-ஆம் வருஷத்துப் பரிசும், போஷுக்கு 1931-ல் பரிசும் நோபல் பெயரால் கிடைத்தன. மிட்டாஷுக்கு ஒன்றும் இல்லை. இரும்பின் மேற்பரப்பில் நடப்பதைப் படிப்படியாக விளக்கிய கெர்ஹார்ட் எர்ட்டல் 2007-ல் பரிசு பெற்றார். அதாவது, காரணம் முழுதும் விளங்குமுன்னரே உலகம் அந்தச் சோற்றைத் தின்று பல வருஷங்களாகிவிட்டன!

கந்தக அமிலத் தொழிலிலும் பிளாட்டினத்தின் நாற்காலியில் வனேடியம் உட்கார்ந்தது. நம் கடைகளில் விற்கும் வனஸ்பதி நிக்கலின் வேலை. ஆனால் இதையெல்லாம் சொல்லி, மலிவான உலோகம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நாம் பிரசாரம் செய்தால் அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக்க இன்றும் பிளாட்டினமும் ரோடியமும் கலந்த வலையே வேண்டியிருக்கிறது. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்தில், பிளாட்டினத்துக்குப் பதில் இரும்பு, நைட்ரஜன், கரி மூன்றையும் சேர்த்துச் சுட்டு வைத்துப் பார்க்கிறார்கள். ஆரம்பத்தில் நன்றாக ஓடுகிறது, ஆயுள்தான் போதவில்லை.

மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதிலும் இதே வழக்குத்தான். காரம் கலந்த தண்ணீரானால் நிக்கல் போதும். அமிலச் சவ்வு வைத்த கருவியில் நிக்கல் கரைந்து போகிறபடியால் இரிடியம் கேட்கிறார்கள். அதுவோ வருஷத்திற்கு ஏழெட்டு டன்தான் உலகம் முழுவதிலும் கிடைக்கிறது. அமிலத்தில் கரையாத மலிவான கலவை ஒன்றுக்காகப் பல தேசத்து ஆராய்ச்சிச் சாலைகளில் இப்பொழுதும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.